எந்த வாக்கியத்தில், சார்?

ஏழாம் வகுப்பில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். ஆனால் நான் எதையாவது மாற்றிச் சொன்னால் கண்டுபிடிக்க உங்களால்தான் முடியும்.

நூல் மில்லின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் நான். வருகிற ஒவ்வொரு நூல்கண்டுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கட்டி அதனதன் தட்டில் வைப்பதிலேயே பகல் போய்விடும். அந்தப் பழக்கம் மண்டைக்குள்ளும் வந்துவிட்டது. பழைய வகுப்பறையை நினைத்தால் ஆட்களுக்கு முன்பாகப் பொருட்கள் வருகின்றன. ஒரு கால் ஆடும் மேசை. சுண்ணாம்பு உதிரும் மேற்குச் சுவர். வெட்டிவேர் மிதக்கும் தண்ணீர்ப் பானை. கம்பி போட்ட ஜன்னல், அதற்கு வெளியே தூத்துக்குடி ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை, டீக்கடை முன்னால் எப்போதும் நின்ற லாரிகள். கடைசியாக, சணல் கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அட்டைகள். இவற்றில் இன்று ரோடு மட்டும்தான் மிச்சம்.

அந்த அட்டைகள் எங்கள் மண்டியிலிருந்து வந்தவை. அப்பாவுக்கு வத்தல் மண்டி. மிளகாய் வத்தலும் மல்லியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மாதிரி அனுப்புகிற பெட்டிகளின் அட்டை ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். ஆங்கில டீச்சர் கேட்டார் என்று நான் சொன்னதும் அப்பாவே நல்லதாகப் பொறுக்கி, ஓரம் வெட்டி, தூசி தட்டிக் கொடுத்தார். எவ்வளவு தட்டியும் நெடி போகவில்லை. அட்டையை மாட்டிய உடனே வகுப்பு முழுக்கத் தும்மும். டீச்சரும் தும்மிவிட்டு, "உங்கப்பா குடுத்த இங்கிலீசு ரொம்பக் காரமா இருக்கு" என்பார்.

டீச்சரைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். திருச்சுழிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். தலையில் போட்ட சேலை முந்தானை பாடம் நடத்தும்போது நழுவும். சாக்பீஸ் பிடித்த கையாலேயே இழுத்துவிடுவதால் நெற்றியில் வெள்ளைக் கோடு விழும். அவர் வீட்டுக்காரர் அரபு நாட்டுக்குப் போனவர். இடுப்பில் அடிபட்டுத் திரும்பி வந்து கட்டிலோடு இருந்தார். சின்னதாக இரண்டு பெண் பிள்ளைகள். டீச்சர் சம்பளத்தில்தான் அந்த வீடு நடந்தது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊரில் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அவர் தற்காலிக டீச்சர் என்பதும் தெரியும். ஆனால் அந்த இரண்டையும் நாங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் கடைக்காரர்கள் சேர்ந்து நடத்தியது. அவர்களைக் கமிட்டி என்போம். டீச்சர் வருவதற்கு முன் ஆங்கிலம் என்றால் நோட்ஸ். அதில் ஒரு பக்கம் பெயர்ச்சொற்கள், நவுன். அடுத்த பக்கம் வினைச்சொற்கள், வெர்ப். ஊர்க் குடும்பங்களைத் தெருத் தெருவாகப் பிரித்ததுபோல, ஒவ்வொரு சொல்லும் ஒரு தெருவில் குடியிருக்கும். தெருவை மனப்பாடம் செய்தால் போதும்.

டீச்சர் வந்த முதல் வாரமே நோட்ஸை மூடி வைக்கச் சொல்லிவிட்டார். மூன்று பெஞ்சுகளைத் தனித்தனியாக இழுத்துப் போட்டார். முன்னால் பெயர் பெஞ்சு, நடுவில் வேலை பெஞ்சு, ஜன்னலோரம் குணம் சொல்லும் பெஞ்சு. ஒவ்வொருத்தி கழுத்திலும் ஓர் ஆங்கிலச் சொல் தொங்கும். அவர் வாக்கியத்தைச் சொல்வார். நம் சொல் அதில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து அந்தந்த பெஞ்சுக்கு ஓட வேண்டும்.

என் அட்டையில் 'லைட்'. 'ஸ்விட்ச் ஆஃப் த லைட்' என்றால் முன் பெஞ்சு; அங்கே நான் விளக்கு. 'லைட் த லேம்ப்' என்றால் விழுந்தடித்து நடு பெஞ்சுக்கு ஓடுவேன். அங்கே நான் ஏற்றுகிற வேலை. 'எ லைட் பேக்' என்றால் ஜன்னலோரம், கனமில்லாத பை. என் அட்டையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஓடி ஓடி மூச்சு வாங்கும் எனக்குத்தான் அது ஆச்சரியமாக இருந்தது.

"நம்ம பேச்சுல இது நடக்காது" என்றார் டீச்சர் ஒருநாள். "லோடுங்கிற வார்த்தைய வேலைக்கு அனுப்பணும்னா கூட ஒரு ஆள அனுப்புறோம். என்ன ஆளு?"

"பண்ணு!" என்று கத்தினாள் என் பக்கத்தில் இருந்தவள். "லோடு பண்ணு, பேக் பண்ணு, ஓப்பன் பண்ணு!"

"அதான். 'பண்ணு' கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் நம்ம ஊர்ல அது வேலைக்குப் போகும். அவுக ஊர்ல தனியாப் போகும், தனியா வரும். அதனால எந்த வார்த்தையக் குடுத்தாலும் உடனே பதில் சொல்லாதீக. எந்த வாக்கியத்துலன்னு முதல்ல கேளுங்க."

கத்தினவளின் அட்டை 'சவுண்ட்'. அவளுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது. வாயைத் திறந்தால் டீக்கடையில் கண்ணாடி டம்ளர் ஆடும். அந்தப் பருவம் முழுக்க நாம் ஒருவரை ஒருவர் அட்டையால்தான் கூப்பிட்டோம். "ஏடி வாட்டர், பானையில தண்ணி இருக்கா பாரு." "பேக்கு வரல, காய்ச்சலாம்." டீச்சரும் அப்படியே கூப்பிடுவார். சவுண்டும் நானும் ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்த்துக்கொண்டே இருப்போம். எல்லா லாரியின் பின்னாலும் 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதியிருக்கும். தன் பெயர் எல்லா லாரியிலும் இருக்கிறது என்பதில் அவளுக்குத் தாங்க முடியாத பெருமை. "இதுல நான் எந்த பெஞ்சு டீச்சர்?" என்று அவளே கேட்டு, அவளே யோசித்து, நடு பெஞ்சில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தாள். "ஹாரன அடின்னு சொல்லுது. அப்ப நான் வேல." டீச்சர் கை தட்டினார். அது அவராகச் சொல்லிக் கொடுத்ததல்ல.

நமக்கு அதுவரை எதுவும் அப்படிப் புரிந்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தை பிறந்து பனி குறையும்போது கேள்வி நாள் வரும். அன்று மதியம் கமிட்டிக்காரர்கள் கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வெள்ளைச் சட்டையில் வருவார்கள். தாம்பாளத்தில் கல்கண்டும் புதுப் பென்சில்களும் இருக்கும். அவர்கள் கேட்பார்கள், நாம் எழுந்து ஒரே சொல்லில் பதில் சொல்ல வேண்டும். சரியென்றால் பென்சில். தப்பென்றால் மேற்குச் சுவரோரம் போய் நிற்க வேண்டும்; சுண்ணாம்பு முதுகில் ஒட்டி, சாயங்காலம் வீடு வரைக்கும் காட்டிக் கொடுக்கும். தற்காலிக டீச்சர்களை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்பதும் அன்று சுவரோரம் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துத்தான் முடிவாகும். பிள்ளைகள் பதில் சொல்லலாம். கேள்வி கேட்கக் கூடாது. அப்படி ஒரு விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கத் தேவை வந்ததில்லை.

அந்த வருடம் எங்கள் வகுப்புக்கு மூன்று பேர் வந்தார்கள். தலைவராக இருந்த ஜவுளிக்கடைக்காரர், ஒரு பாத்திரக்கடைக்காரர், கமிட்டிச் செயலாளராக இருந்த என் அப்பா. அப்பா பழைய எஸ்.எஸ்.எல்.சி. மண்டிக்கு வரும் பம்பாய்க் கடிதங்களுக்கு ஆங்கிலத்திலேயே பதில் எழுதுவார். மற்றவர்கள் தந்தி வந்தால் அவரிடம்தான் எடுத்து வருவார்கள். ஆங்கிலம் என்றால் அப்பா என்று கமிட்டியில் பேச்சே இல்லாமல் முடிவாகியிருந்தது. அவர் சட்டையின் வத்தல் நெடி அறைக்குள் வந்ததும் முதல் வரிசை தும்மியது. எனக்கு அது கொஞ்சம் கூச்சமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

டீச்சர் அட்டைகளை மேசைமேல் அடுக்கி வைத்திருந்தார். ஓடிக் காட்டச் சொல்லலாம் என்று நினைத்திருப்பார். அப்பா அதற்கு இடம் கொடுக்கவில்லை. முதலில் கண்ணில் பட்ட சவுண்டை எழுப்பினார். மேலே இருந்த அட்டையைக் கையில் எடுத்துப் படித்தார்.

"சவுண்ட். இது என்ன பார்ட் ஆஃப் ஸ்பீச்?"

"எந்த வாக்கியத்துல, சார்?"

அப்பா சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தார். "என்னம்மா?"

"எந்த வாக்கியத்துல சார் வருது?"

பாத்திரக்கடைக்காரர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, பிள்ள உங்களுக்குப் பரீட்ச வைக்குது."

"கேள்வி கேக்க நாந்தானம்மா வந்திருக்கேன்?" அப்பாவும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "கேட்டதுக்குப் பதிலச் சொல்லு. ஒரே வார்த்த."

அவளுக்கு அடக்கிச் சொல்லத் தெரியாது. உதவி செய்கிற நினைப்பில் ஜன்னலைக் காட்டினாள். டீக்கடை முன்னால் நின்றது எங்கள் மண்டி லாரிதான். "அந்தா, உங்க லாரி பின்னாடியே எழுதியிருக்கே சார். அதுலன்னா வெர்ப். டீக்கட ரேடியோ சவுண்டுன்னா நவுன்."

மூன்று பேரும் திரும்பி லாரியைப் பார்த்தார்கள். நாங்களும் பார்த்தோம்.

"ஏன் அண்ணாச்சி," என்றார் ஜவுளிக்கடைக்காரர், தொடையைத் தட்டிக்கொண்டு, "சொந்த லாரிய நீங்களே படிச்சதில்லையாக்கும்?"

அப்பாவின் காது மடல் சிவந்தது. வீட்டில் அது சிவந்தால் நாங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவோம். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாக டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சரம்மா, நீங்க சொல்லுங்க. நவுனா, வெர்பா? ஒரே வார்த்தையில."

டீச்சர் கையில் சாக்பீஸ் இருந்தது. நான் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வாக்கியத்துல சார் என்று அவர் கேட்கப் போகிறார், நாம் எல்லோரும் பெஞ்சைத் தட்டப் போகிறோம் என்று என் கை தயாராகவே இருந்தது.

"நவுன்தான் சார்" என்றார்.

ரோட்டில் ஏதோ லாரி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. யாரும் சிரிக்கவில்லை.

"பாத்தியா?" என்றார் அப்பா, சவுண்டிடம். அவள் அவரைப் பார்க்கவில்லை. டீச்சரையே பார்த்துக்கொண்டு நடந்துபோய்ச் சுவரோரம் நின்றாள். டீச்சர் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அதன் பிறகு எல்லோரும் நவுன் ஆனோம். வாட்டர், நவுன். பேக், நவுன். ஹேண்ட், நவுன். அப்பாவும் நோட்ஸின் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. என் முறை வந்தபோது, "லைட்?" என்றார், மகளிடம் கேட்பதைக் காட்டிக்கொள்ளாத குரலில். நவுன் என்றேன். அவர் கொடுத்த பென்சிலிலும் வத்தல் வாசம் இருந்தது. சுவரோரம் கடைசி வரை அவள் ஒருத்திதான் நின்றாள். ஒருத்தி மட்டும் என்பதால் வகுப்பு நன்றாகத் தேறிவிட்டது என்று ஜவுளிக்கடைக்காரர் பாராட்டினார். அன்று சாயங்காலமே டீச்சர் நிரந்தரம் ஆனார். அப்பாவைப் பார்த்து, "ரொம்ப நன்றி சார்" என்று கும்பிட்டார். நான் அங்கேதான் நின்றேன். அப்பாவின் விரலைப் பிடித்திருந்தவள் கையை உருவிக்கொண்டேன். யாருக்காக வெட்கப்பட்டேன் என்று அன்று கேட்டிருந்தால் டீச்சருக்காக என்றிருப்பேன். அது பாதிதான்.

திங்கட்கிழமை பெஞ்சுகள் பழையபடி வரிசையாகக் கிடந்தன. டீச்சர் நோட்ஸைத் திறக்கச் சொன்னார். அட்டைகள் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈரம் உறிஞ்சக் கிடந்தன. மழைக்காலம் வருவதற்குள் கூழாகிவிட்டன. டீச்சர் அதன்பிறகு நம்மைச் சொந்தப் பெயர் சொல்லியே கூப்பிட்டார். அது ஏதோ தண்டனை போல இருந்தது.

நாம் என்ன செய்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். யார் எதற்கு விட்டுக்கொடுத்தாலும், "நவுன்தான் சார்" என்போம். பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதித்தவள் ஒத்துக்கொண்டால், "நவுன்தான் சார்." வீட்டுப்பாடம் செய்யாதவள் அடி வாங்கக் கையை நீட்டினால், "நவுன்தான் சார்." டீச்சரின் குரல் மாதிரியே, கொஞ்சம் மூக்கால். ஒரு தடவை பள்ளிக்கூடக் குழாயடியில் நாம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, வகுப்புப் பானைக்குத் தண்ணீர் பிடிக்க அவர் குடத்தோடு பின்னால் வந்து நின்றார். நாம் விலகி வழி விட்டோம். அவர் குழாயைத் திறந்து, குடம் நிரம்பி வழிந்த பிறகும் மூடாமல் நின்றார். பயந்த டீச்சர் என்று நாம் முடிவு கட்டியிருந்தோம். கட்டிலில் கிடந்த மனிதரும், இரண்டு பிள்ளைகளும், பஸ் காசும் நம் கணக்கில் இல்லை. சவுண்ட் மட்டும் அந்த விளையாட்டில் சேரவில்லை. அவள் குரலும் அந்த வருடம்தான் தணிந்தது. வளர்ந்ததால் இருக்கலாம்.

அப்பா அதைப் பற்றி வீட்டில் பேசவேயில்லை. ஆனால் கொஞ்ச நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு மண்டிக்குப் போனபோது லாரிக்குப் பின்னால் பெயிண்டர் உட்கார்ந்திருந்தார். 'சவுண்ட் ஹாரன்' அழிந்து, அந்த இடத்தில் பச்சை மட்டும் இருந்தது. பக்கத்தில் அப்பா.

"நல்லாத்தான இருந்துச்சு அண்ணாச்சி, எதுக்கு அழிக்கச் சொல்றீக?" என்று பெயிண்டர் கேட்டார்.

"ஹாரன் ப்ளீஸ்னு எழுது. இப்பல்லாம் அதான் போடுறாக."

"அதுவும் இதுவும் ஒண்ணுதான?"

"எழுதுங்கிறேன்ல."

என்னைப் பார்த்ததும், வெயிலில் ஏன் நிற்கிறாய் என்று அதட்டி உள்ளே அனுப்பினார். வத்தல் குவியலுக்குப் பக்கத்தில் நின்று நான் தும்மிக்கொண்டே இருந்தேன். கேள்வி நாளன்று தெரியாமல்தான் கேட்டிருப்பார் என்று அதுவரை எனக்குள் ஒரு சமாதானம் இருந்தது. தெரிந்துகொண்ட பிறகு அவர் திருத்தியது லாரியைத்தான். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வருடமும் போனார். எங்கள் வகுப்பில் எந்தக் கேள்வியும் கேட்காமல் பென்சிலை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். எங்கப்பா தாராள மனசுக்காரர் என்று நீங்கள் சொன்னீர்கள். நான் தலையை ஆட்டினேன்.

இனிச் சொல்வது உங்களில் யாருக்கும் தெரியாது.

பாலிடெக்னிக் முடித்து, மில்லில் வேலைக்குச் சேர இருந்த சமயம். தொண்ணூறுகள் தொடங்கிவிட்டன. பந்தல்குடியில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போய்விட்டு அப்பாவும் நானும் பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் நல்ல கூட்டம். பள்ளிக்கூட நிறுத்தத்தில் டீச்சர் ஏறினார். முந்தானை அதே மாதிரி நழுவியது. நெற்றியில் சாக்பீஸ் கோடுகூட இருந்தது.

அப்பா எழுந்துவிட்டார். அவர் பஸ்ஸில் யாருக்கும் எழுந்து நான் பார்த்ததில்லை.

"டீச்சரம்மா, உக்காருங்க."

"இருக்கட்டும் சார். நீங்க உக்காருங்க."

"இல்ல, உக்காருங்க."

"பக்கத்துலதான சார் எறங்கப் போறேன்."

பஸ் ஸ்டாண்டு வரை அவர் இறங்கப் போவதில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். திருச்சுழி பஸ் அங்கிருந்துதான். இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் அந்த இருக்கை காலியாகக் கிடந்தது. அதற்கு அடுத்ததில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து அவர் கையைப் பிடித்து உட்கார வைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

முன்னால் ஒரு வைக்கோல் லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. பின்பலகையில் பழைய எழுத்துகள், 'சவுண்ட் ஹாரன்'. எங்கள் டிரைவர் அதன்படி அடித்துக்கொண்டே வந்தார். மூன்று பேராலும் முன்கண்ணாடி வழியாக அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அப்பா தொண்டையைச் செருமினார். "டீச்சரம்மா."

"சார்."

"அது… அந்த லாரில எழுதியிருக்கிறது. வெர்ப்தான?"

தன் தவறை ஒரு கேள்வியாகவாவது அவர் ஒத்துக்கொண்டு நான் பார்த்தது அன்றுதான். டீச்சர் லாரியைப் பார்த்தார், பிறகு கம்பியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார்.

"அதெல்லாம் மறந்துபோச்சு சார். இங்கிலீசு விட்டு ரொம்ப நாளாச்சு. இப்ப நான் கணக்கு மட்டுந்தான் எடுக்கேன்."

அப்பா ஏதோ சொல்ல வந்தார். கண்டக்டர் இடையில் புகுந்தார். "என்ன சார், ரெண்டு பேருக்கும் வேணாமா? எம்மா, அந்தக் கூடைய இந்தச் சீட்டுல வையி, காலுக்குள்ள கெடக்குது." ஓர் அம்மா முருங்கைக்காய்க் கூடையைத் தூக்கி என் பக்கத்தில் வைத்தார். வளைவுகளில் அது சாயாமல் நான் பிடித்துக்கொண்டேன். ஊர் வரும்வரை எனக்கு இருந்த வேலை அதுதான்.

பஸ் ஸ்டாண்டில் டீச்சர் எங்களுக்கு முன்னால் இறங்கினார். இறங்கியவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். கம்பிக்குள் விரலை விட்டு என் கையைத் தொட்டார்.

"வாரேன், லைட்டு."

அவ்வளவுதான். திருச்சுழி பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினார்.

அப்பா கூடைக்கு மேலாகக் குனிந்து கேட்டார். "என்னமோ சொல்லிக் கூப்பிட்டாகளே, என்னது?"

"காதுல விழலப்பா" என்றேன்.

அவருக்கு விழுந்திருந்தது. அட்டை வெட்டிக் கொடுத்தவர் அவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, முருங்கைக்காய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு, அந்த அம்மாவுக்கு முன்னால் படியிறங்கினார்.